கரியாஹாட்டில் கிடைக்காத இசைத்தட்டு

போர்க்காலக் கல்கத்தாவில் வாசித்து, அங்கேயே இறந்துபோன ஒரு பியானோ மேதையின் இசை, தென் கொல்கத்தாவின் பழைய வீடுகளோடு சேர்ந்து மறைந்துகொண்டிருக்கிறது.

கரியாஹாட்டில் எது கேட்டாலும் கிடைக்கும் என்பது கொல்கத்தாவாசிகளின் நம்பிக்கை. அதில் பெரிய மிகையும் இல்லை. ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் நின்று நான்கு பக்கமும் ஐந்நூறு அடி நடந்தால் போதும். ஜாம்தானிச் சேலை, கவரிங் வளையல், கல்யாணச் சீர்த்தட்டு, பிளாஸ்டிக் வாளி என்று எல்லாம் வரிசை கட்டி நிற்கும். மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தமிழர்கள் உல்லம் என்று சொல்லும் இலிஷ் மீன். தெற்கே கோல்பார்க் வரை போனால் நடைபாதையில் குவித்து வைத்த பழைய புத்தகங்கள். மேலே 2002-இல் திறந்த மேம்பாலம், கீழே அதன் நிழலில் சதுரங்கம் ஆடும் கூட்டம். பேரம் பேசும் சத்தம், பஸ் கண்டக்டர்களின் கூவல், ஆட்டோக்களின் ஹாரன். காதுக்கு ஓய்வே கிடையாது.

ஆனால் டெடி வெதர்ஃபோர்டின் இசைத்தட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொல்கத்தாவிலேயே அந்தப் பெயரை அறிந்தவர்கள் சொற்பம். இத்தனைக்கும் அந்தத் தட்டுகள் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானவை அல்ல. இதே ஊரில் பதிவாகி, ஊரின் வடகோடியில் உள்ள டம்டம் ஆலையில் அச்சாகி, இந்தியச் சந்தையில் விற்பனையானவை. வாங்கிக் கேட்ட குடும்பங்களில் பல, இந்த பாலிகஞ்ச், கரியாஹாட் வட்டாரத்து வசதியான வீடுகளில் இருந்திருக்கும்.

வெதர்ஃபோர்ட் யார்? 1903-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், போகஹான்டஸ் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினத்தவர். பக்கத்து ஊரான புளூஃபீல்டில் வளர்ந்து, பதின்வயதில் நியூ ஆர்லியன்சுக்குப் போய் ஜாஸ் பியானோ கற்றுக்கொண்டார். 1920களில் சிகாகோவில் எர்ஸ்கின் டேட்டின் குழுவில் சேர்ந்தார். பேசாப்படம் ஓடும் வெண்டோம் தியேட்டரில் அந்தக் குழு வாசிக்கும். உடன் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1926 மே மாதம் அந்தக் குழு பதிவு செய்த இரண்டு பாடல்களில் ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டோடு வெதர்ஃபோர்டின் பியானோவையும் இன்றைக்கும் கேட்கலாம். ஜாஸ் பியானோவின் பிதாமகர்களில் ஒருவர் என்று போற்றப்படும் எர்ல் ஹைன்ஸ் அப்போது சிகாகோவுக்கு வந்து சேர்ந்த இளைஞர். அவரை வியக்க வைத்தவர்களில் ஒருவர் வெதர்ஃபோர்ட்.

ஆம்ஸ்ட்ராங்கும் ஹைன்சும் சரித்திரப் புத்தகங்களில் ஏறிவிட்டார்கள். வெதர்ஃபோர்ட் கப்பல் ஏறினார். 1926-இல் ஜாக் கார்ட்டரின் குழுவோடு கிழக்கு நோக்கிப் புறப்பட்டவர் பிறகு ஆசியாவையே ஊராக்கிக்கொண்டார். ஷாங்காயில் அவர் நட்சத்திரம். 1933-இல் அந்த நகருக்கு வந்த அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ் அவரைச் சந்தித்து, தன் சுயசரிதையில் குறித்து வைத்தார். அடுத்த ஆண்டு பக் கிளேட்டனின் குழு ஷாங்காய் வந்ததற்கும் வெதர்ஃபோர்டே காரணம். பின்னர் இந்தோனேசியா, இலங்கை, பம்பாய். கிரிக்கெட் ஸ்மித் என்ற மூத்த டிரம்பெட் கலைஞரின் குழுவை (ஆட்டத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை) 1937-இல் இலங்கையில் தன் தலைமையில் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு பாரிஸ் போய்த் தனி பியானோவாகச் சில தட்டுகள் பதிவு செய்தார். பிறகு மீண்டும் இந்தியா.

கறுப்பினக் கலைஞர்களைப் பல ஓட்டல்கள் பின்வாசல் வழியாக மட்டுமே அனுமதித்த அமெரிக்காவோடு ஒப்பிட்டால், பம்பாய் தாஜ் மஹால் ஓட்டலில் குழுத்தலைவராக மேடையேறுவது வேறு வாழ்க்கை. அவர் ஏன் திரும்பிப் போகவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. ஜாஸின் வரலாறு எழுதப்பட்டது நியூயார்க்கில். ஆசியாவில் வாசித்தவன் அடிக்குறிப்புதான்.

இரண்டாம் உலகப் போர் கல்கத்தாவை ஜாஸ் நகரமாக மாற்றிய கதை விசித்திரமானது. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கல்கத்தா போர்முனையின் பின்கட்டாயிற்று. சீனாவுக்குத் தளவாடம் அனுப்ப அசாமின் லேடோவிலிருந்து மலைகளைக் குடைந்து சாலை போட்டார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். விடுமுறை என்றால் எல்லோருக்கும் கல்கத்தாதான். வெள்ளையருக்குத் தனிப் படைப்பிரிவு, கறுப்பருக்குத் தனிப் படைப்பிரிவு என்று பிரித்து வைத்திருந்த ராணுவம் அது. இருவரையும் ஒரே இசைக்கு ஆட வைத்தவர் சௌரங்கியில் உள்ள கிராண்ட் ஓட்டலில் பியானோ முன் உட்கார்ந்திருந்த வெதர்ஃபோர்ட்.

கரியாஹாட்டுக்கும் இதில் பங்குண்டு. இந்த வட்டாரம் அப்போது புத்தம் புதுசு. கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரி வெட்டி, அகலச் சாலைகள் போட்டு, 1920களிலும் 30களிலும் உருவாக்கிய பகுதி. வக்கீல், டாக்டர், பேராசிரியர் என்று படித்த வங்காளிகள் சிவப்புச் சிமெண்டுத் தரையும் பச்சை மரச் சன்னலுமாக வீடு கட்டிக் குடிவந்தார்கள். போர் வந்ததும் தாகூரியா ஏரிப் பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று காதலர்களும் நடைப்பயிற்சிக்காரர்களும் பங்குபோட்டுக்கொள்ளும் ரபீந்திர சரோவர் கரையில் அன்று பாசறைகள். கரியாஹாட்டிலிருந்து சிப்பாய்கள் டிராம் பிடித்தால் பார்க் சர்க்கஸ் வழியாக எஸ்பிளனேடு. இறங்கினால் கிராண்ட் ஓட்டல் கூப்பிடு தூரம்.

வெதர்ஃபோர்டின் கல்கத்தாக் குழு போரின் குழந்தை. அமெரிக்கரான ராய் பட்லர் சாக்ஸபோன் வாசித்தார். ஜப்பானிடமிருந்து தப்பிப் பர்மாவிலிருந்து வந்த இசைக்கலைஞர்கள் நகரத்தின் ஜாஸுக்கு உரமானார்கள். ரங்கூனிலிருந்து வந்த கிளாரினெட் கலைஞர் ரூபன் சாலமன், ‘ஜைவ் பாய்ஸ்’ என்ற பெயரில் சொந்தக் குழுவே நடத்தித் தட்டு போட்டார். அதே 1942-இல் அதே பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களில் பல்லாயிரம் தமிழர்களும் உண்டு. ஒரே அகதி ஓட்டத்தில் ஒரு பக்கம் மூட்டை சுமந்தவர்கள், இன்னொரு பக்கம் கிளாரினெட் சுமந்தவர்கள்.

வணிகக் கப்பலில் வேலை பார்த்த ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற இளைஞர் கல்கத்தாவில் இறங்கியபோது இந்தக் குழுவோடு பாடினார். அது அமெரிக்க ராணுவ வானொலியில் ஒலிபரப்பாயிற்று. பின்னாளில் ப்ளூஸ் பாடகராகப் பெரும் புகழ் பெற்ற விதர்ஸ்பூனின் வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் கல்கத்தாவிலிருந்துதான் தொடங்குகின்றன.

இனி, தட்டுகளின் கதை. இதுதான் கல்கத்தாவின் சொந்தக் கதை.

78 சுழற்சித் தட்டு என்பது அடிப்படையில் அரக்கு. அவலரக்கையும் கல்பொடியையும் கலந்து சூடாக்கி அச்சில் அழுத்தினால் தட்டு. சோட்டா நாக்பூர் காடுகளில் பூச்சிகள் சுரக்கும் அரக்கைப் பழங்குடிகள் சுரண்டி எடுக்க, அது கல்கத்தா வழியாக உலகமெங்கும் போயிற்று. போர் மூண்டதும் அமெரிக்கா அரக்கைத் தளவாடங்களுக்கு ஒதுக்கியது. 1942 ஏப்ரலில் இசைத்தட்டுக்கான அரக்குப் பயன்பாட்டில் 70 சதவீதம் வெட்டு. போதாக்குறைக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் அறிவித்தது. பெரிய நிறுவனங்களான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் இறங்கி வந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க ஜாஸின் பதிவேட்டில் பெரிய ஓட்டை. அந்தக் காலத்தில் என்ன வாசித்தார்கள், பாணி எப்படி மாறியது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அதே நேரத்தில் கல்கத்தாவில் அரக்குக்குப் பஞ்சமில்லை. வேலைநிறுத்தமும் இல்லை. டம்டம் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஹெச்.எம்.வி.யும் கொலம்பியாவும் 1931-க்குப் பிறகு ஒரே கம்பெனியின் இரண்டு முத்திரைகள். கொலம்பியா முத்திரையில் வெதர்ஃபோர்டின் குழு தட்டுக்கு மேல் தட்டாகப் பதிவு செய்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடம். சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்த கைகள், சிகாகோ மௌனமாக இருந்த மாதங்களில் கல்கத்தாவில் வாசித்துக்கொண்டிருந்தன.

அந்தத் தட்டுகள் எல்லாமே தங்கம் என்று சொல்வதற்கில்லை. பல, நடன அரங்குக்கான சினிமா மெட்டுகள். பாடகருக்கு ஒரு பகுதி, குழுவுக்கு ஒரு பகுதி போக, பியானோவுக்கு மிஞ்சுவது சில விநாடிகள். எர்ல் ஹைன்சை வியக்க வைத்த கையைத் தேடுகிறவர்களுக்கு 1937 பாரிஸ் பதிவுகளே உசிதம். கல்கத்தாத் தட்டுகளின் பெருமை வேறு. அமெரிக்கரும் ஆங்கிலோ இந்தியரும் கோவாக்காரரும் பர்மாக்காரரும் சேர்ந்து ஒரு போர்க்கால இரவைப் பதிவு செய்த ஆவணங்கள் அவை. ராணுவ வானொலிக்காக வாசித்தவை விற்பனைக்கே வராதவை. அந்த வானொலி பயன்படுத்திய பதினாறு அங்குலத் தட்டுகளை ஒலிபரப்பு முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும் என்பது விதி. சிப்பாய்களுக்காகத் தயாரான ‘வி-டிஸ்க்’ தட்டுகளுக்கும் அதே கதி. இசைக்கலைஞர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. அதையும் மீறிச் சிப்பாய்கள் பெட்டிக்குள் ஒளித்து ஊருக்கு எடுத்துப்போனவைதான் பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்குப் புதையலாயின. ஒழுங்காக விதியைக் கடைப்பிடித்தவர்களால் இசை அழிந்தது. திருடியவர்களால் பிழைத்தது.

கிராண்ட் ஓட்டலின் நடன இரவுகளைப் பற்றி எழுதும்போது பலர் விட்டுவிடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1943-இல் வங்கத்தைப் பஞ்சம் தாக்கியது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. கிராமங்களிலிருந்து கஞ்சித் தண்ணீர் தேடி வந்தவர்கள் கல்கத்தா நடைபாதைகளில் விழுந்து செத்தார்கள். சௌரங்கி நடைபாதையும் பாலிகஞ்ச் தெருக்களும் விலக்கல்ல. உள்ளே இசை, வெளியே பிணம். பஞ்சத்தின் பின்னால் காலரா வந்தது. 1945 ஏப்ரல் 25-ஆம் தேதி, ஜெர்மனி சரணடைய இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், அதே காலராவுக்கு வெதர்ஃபோர்டும் பலியானார். வயது 41. ஊரின் ஏழைகளைக் கொன்ற நோய் ஓட்டலின் வாத்தியக்காரரையும் விடவில்லை.

அவருக்குப் பின் ஜாஸ் நின்றுவிடவில்லை. பார்க் தெருவின் இரவு விடுதிகளில் எழுபதுகள் வரை நீடித்தது. அந்தத் தெருவின் ‘புளூ ஃபாக்ஸ்’ விடுதியில் பாம் கிரெய்ன் பாட, பிராஸ் கான்சால்வஸ் சாக்ஸபோன் வாசிக்க, பியானோவில் உட்கார்ந்திருந்தவர் டார்ஜிலிங்கில் பிறந்த லூயிஸ் பேங்க்ஸ். தாத்தா நேபாள மன்னராட்சியின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர். அப்பா கல்கத்தாவுக்கு வந்து டிரம்பெட் கலைஞரானவர். தூர்தர்ஷனில் தமிழர்களும் கேட்டு மனப்பாடமான ‘மிலே சுர் மேரா தும்ஹாரா’வின் இசையில் இந்த லூயிஸ் பேங்க்சுக்கும் பங்கு உண்டு.

கரியாஹாட் வேறு இசைக்கு மாறியது. ஏரிக்கரையில் ராணுவம் காலி செய்த பாசறைகளில் தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்க அகதிகள் குடியேறினார்கள். பிழைப்புக்காக நடைபாதையில் கடை விரித்தார்கள். இன்றைய கரியாஹாட்டின் வேர் அங்கே இருக்கிறது. 1996 நவம்பரில் ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்று பெயர் சூட்டி இடதுசாரி அரசு ஒரே இரவில் கடைகளைத் தூக்கி எறிந்தது. கடைகள் திரும்பி வந்தன. 2019 ஜனவரியில் பெரிய துணிக்கடைகள் இருந்த கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. வியாபாரம் அதையும் தாண்டிவிட்டது. டிராமுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மைதானத்தை ஒட்டிய ஒரு பாதையை மட்டும் நினைவுச்சின்னம்போல வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024-இல் மாநில அரசு அறிவித்தது.

கரியாஹாட்டிலிருந்து பொடிநடையில் எட்டிவிடும் டோவர் லேனில் 1952-இல் அக்கம்பக்கத்தார் கூடித் தொடங்கிய விழா, இன்று ஆண்டுதோறும் ஜனவரியில் விடிய விடிய நடக்கும் டோவர் லேன் சங்கீத மாநாடு. இந்துஸ்தானி இசையில் அதற்கு இருக்கும் மதிப்பு, சென்னை மார்கழி சபாக்களுக்கு இணையானது. இப்போது நடப்பது ஏரிக்கரை நஸ்ருல் மஞ்சில். கச்சேரியை ரசிகர் வீட்டு டேப்பில் பதிந்து பத்திரப்படுத்துவது இந்த ஊரின் பழைய பைத்தியம். தெற்கே ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டுப் பிரதிகளுக்கென்று ஒரு துறை இருக்கிறது. அங்கே அமலன் தாஸ்குப்தாவும் சகாக்களும் உருவாக்கிய வட இந்தியச் செவ்வியல் இசைக் காப்பகம், தனியார் வீடுகளில் தூங்கிய தட்டுகளையும் நாடாக்களையும் கணிப்பொறியில் ஏற்றிக் காப்பாற்றி வருகிறது. ராகத்துக்குக் காப்பகம் கிடைத்தது, நல்லது. நடன அரங்கின் ஜாஸ் அதன் எல்லைக்கு வெளியே.

அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. ராகம் சொத்து, அதைப் பாதுகாக்க வேண்டும் என்று ஊர் நினைத்தது. ஜாஸ் வெள்ளைக்காரன் கேளிக்கை, போனால் போகட்டும் என்று விட்டது. வாசித்தவர் வெள்ளைக்காரர் அல்ல என்பதோ, தட்டின் அரக்கு உள்ளூர்க் காட்டிலிருந்து வந்தது என்பதோ யார் நினைவிலும் இல்லை. 1980களில் பிரிட்டனின் ‘ஹார்லெக்வின்’ நிறுவனம் 1926 முதல் 1944 வரை இந்தியாவில் பதிவான ஜாஸைத் தொகுத்து எல்.பி. தட்டாக வெளியிட்டபோதுதான் வெதர்ஃபோர்டின் இந்தியப் பியானோ உலகின் காதில் மறுபடி விழுந்தது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்தவர் மும்பைப் பத்திரிகையாளர் நரேஷ் பெர்னாண்டஸ். 2012-இல் வந்த அவரது ‘தாஜ் மஹால் ஃபாக்ஸ்ட்ராட்’ நூலோடு பழைய பதிவுகள் அடங்கிய குறுந்தகடும் சேர்ந்தே வந்தது. கொல்கத்தாவின் ஜாஸை லண்டனும் மும்பையும் மீட்டன. கொல்கத்தா இதில் பார்வையாளர்.

மீட்பு சாத்தியம் என்பதற்கு அமெரிக்காவில் உதாரணங்கள் உண்டு. தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதை 1957 நவம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த கச்சேரி, நாடாளுமன்ற நூலகத்தின் வானொலி நாடாக் குவியலில் 2005-இல் அகப்பட்டது. அதே மங்க் 1968-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசித்ததைப் பதிவு செய்தவர் அந்தப் பள்ளியின் துப்புரவுப் பணியாளர். 52 ஆண்டு கழித்து 2020-இல் அது தட்டாக வந்தது. முதலாவதைக் காப்பாற்றியது ஒரு நூலகம். இரண்டாவதைக் காப்பாற்றியது ஒரு தனிமனிதர் எறியாமல் வைத்திருந்த நாடா.

கரியாஹாட் சந்துகளில் அத்தகைய அலமாரிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் வீடுகள் குறைகின்றன. ஏக்டாலியா, ஹிந்துஸ்தான் பார்க், டோவர் லேன் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீட்டின் முன் மூங்கில் சாரம். பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பார்கள். கட்டட ஒப்பந்தக்காரர் இரண்டு ஃபிளாட்டும் ரொக்கமும் தருவார். வீட்டைக் காலி செய்யக் கொஞ்சம் நாள்தான் கெடு.

அந்த நாட்களில்தான் பிக்ரிவாலா வருவார். ‘பிக்ரி ஆச்சே’, அதாவது விற்க ஏதும் இருக்கிறதா என்று நீட்டி முழக்கித் தெருத்தெருவாகப் போகும் பழைய சாமான்காரர். கையில் தராசு. முதலில் செய்தித்தாள், அடுத்து பித்தளை, பிறகு புத்தகம். எல்லாவற்றுக்கும் கிலோ கணக்கு உண்டு. கிராமபோன் பெட்டியில் குழாய் இருந்தால் தனி மரியாதை, அலங்காரப் பொருளாக விலைபோகும். கனமான பழுப்பு உறைகளில் அடுக்கிய 78 தட்டுகளுக்குத்தான் கணக்கில்லை. அரக்கும் கல்பொடியும் கலந்ததை உருக்கி எடுக்க எதுவுமில்லை. மேலே இருக்கும் ரவீந்திர சங்கீதத்தையும் கே.எல்.சைகலையும் வீட்டுக்காரர் எடுத்து வைத்துக்கொள்வார். அடியில் கொலம்பியா முத்திரையோடு, ஆங்கிலத்தில் ஃபாக்ஸ்ட்ராட் என்று அச்சடித்த தட்டுகள் மிஞ்சும். பிக்ரிவாலா ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, உடையாமல் கொண்டுபோவது கஷ்டம் என்று சொல்லி, திரும்பப் பெட்டியிலேயே வைப்பார்.